வாய்க்குப் பூட்டுப் போட்ட இஸ்ஹாக்

கவிழ்த்துப் போட்ட சைக்கிளின் பின்சில்லு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. இஸ்ஹாக் கடையில் இல்லை. தெருவின் அந்தத் தலைப்பில், தோளில் பை தொங்கப்போட்ட யாரோ ஒருவருக்குப் பக்கத்தில், சாரத்தை மடித்துக் கட்டியபடி நடந்துகொண்டிருக்கிறான். அந்த ஆள் தபால் கந்தோருக்கு வழி கேட்டிருப்பார். கையை நீட்டிக் காட்டினால் போதும். கடையிலிருந்து பார்த்தாலே கந்தோரின் கூரை தெரியும். இஸ்ஹாக்குக்கு அது போதாது. வழி கேட்டவரைக் கொண்டுபோய் வாசலில் விட்டு, உள்ளே தலையை நீட்டிப் பார்த்து, "ஆள் இரிக்கி, போங்க" என்று சொல்லிவிட்டுத்தான் திரும்புவான். சைக்கிள்காரர் காத்திருப்பார். கற்பிட்டியில் இஸ்ஹாக்கிடம் சைக்கிள் திருத்தக் கொடுக்கிற எல்லோரும் காத்திருந்து பழகியவர்கள்.

எனக்கு அவன் தம்பி முறை, என்னை ராத்தா என்பான். அவனுடைய உம்மாவும் என்னுடைய உம்மாவும் ஒன்றுவிட்ட ராத்தா தங்கச்சி. அவன் வாப்பாவின் தங்கையைத்தான் களப்புக்கு அந்தப் பக்கம் உச்சமுனைக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அந்தக் கல்யாணத்துக்கு வள்ளத்தில் போகும்போது நடுக்களப்பில் மழை பிடித்து, சோறாக்கக் கொண்டுபோன அரிசியெல்லாம் வழியிலேயே ஊறிப்போனது. இஸ்ஹாக் அப்போது மடியில் கிடந்த பிள்ளை. அழவில்லை, சிரித்துக்கொண்டே நனைந்தான். ஆகையால் அறுபது தாண்டிய மனிதனை 'அவன்' என்று எழுதுகிறேனே என்று வாசிக்கிறவர்கள் கோபிக்க வேண்டாம். 'அவர்' என்று எழுதினால் அவன் கோபிப்பான்.

கடை என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. நாலு தடி, மேலே தகரம், அதற்கும் மேலே ஒரு வேம்பு. பின்னால் வீடு, வீட்டுக்கும் கடைக்கும் நடுவில் ஒரு திரைச்சீலை. பக்கத்து வேலிக்கு இந்தப் பக்கம் என் வீடு. அவனுடைய மூக்குக்கண்ணாடிக்கு ஒரு கால்தான் உண்டு. மற்றக் காலுக்குப் பதிலாகப் பழைய டியூப்பில் ஒரு கீலம் வெட்டிக் காதில் மாட்டியிருக்கிறான். சைக்கிள்களோடு மரியாதையாகக் கதைப்பான். "என்ன வாப்பா, எங்க போய் இடிச்சுக்கிட்டு வந்தீங்க?" என்று கேட்டுக்கொண்டுதான் சில்லைக் கழற்றுவான். டியூப்பைப் பேசின் தண்ணீரில் அமுக்கி, குமிழி வந்ததும், "ஆ, இப்ப வாயத் துறந்துட்டாரு" என்பான். பள்ளிப் பிள்ளைகளின் சின்னச் சைக்கிள் என்றால் 'மருமகன்'.

"சைக்கிளுக்குக் காத்துப் போனா ஒட்டுப் போடுறீங்க. உங்கட வாய்க்கு என்னத்தப் போடுற?" என்று திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து ஷிஹாரா கேட்பாள். அவன் பெண்சாதி. "ஒரு பூட்டு வாங்கி வைக்கணும்" என்று அவளே பதிலும் சொல்லிக்கொள்வாள்.

அந்தப் பூட்டுக்கு ஒரு நாள் உண்மையாகவே தேவை வந்தது. அதைச் சொல்வதென்றால் கடைக்கு எதிரே இருக்கிற சின்னப் பார்க்கைச் சொல்ல வேண்டும்.

பார்க்கில் உட்கார நாலைந்து சீமெந்து வாங்குகள், தூர்ந்துபோன ஒரு கிணறு, திறந்துவைத்தவரின் பெயர் எழுதிய ஒரு பலகை, ஊர்க் கழுதைகள். எல்லாவற்றுக்கும் முந்தியது எது என்றால் களப்புப் பக்கம் சரிந்து நிற்கும் ஒரு கல்தூண். எங்கள் ஆட்கள் அதைத் தோணிக்கல் என்போம். ஒரு காலத்தில் களப்புத் தண்ணீர் அந்தக் கல்லின் காலடி வரைக்கும் வந்தது. தூத்துக்குடியிலிருந்து ஓடு ஏற்றிவந்த தோணிகளும், இங்கிருந்து கருவாடும் கொப்பறாவும் ஏற்றிப்போன தோணிகளும் அதில்தான் கயிறு கட்டின. கயிறு உரசி உரசிக் கல்லின் கழுத்தில் தடம் விழுந்திருக்கிறது. தோணியிலிருந்து வீசுகிற கயிற்றைத் தண்ணீரில் விழவிடாமல் பிடித்துக் கட்டியவர் இஸ்ஹாக்கின் மூத்தாப்பா, வாப்பாவின் வாப்பா. ஊர் அவரைக் கயித்து மரைக்கார் என்றே கூப்பிட்டது. அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியும், கேட்டால் சொல்வேன். இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. பார்க் பலகையில் இதைப் பற்றி ஓர் எழுத்தும் இல்லை. கழுதைகள் மட்டும் அந்தக் கல்லை மறக்காமல், தினமும் வந்து முதுகு சொறிந்துவிட்டுப் போகும்.

பிறகு ஜெசிக்கா வந்தாள். அன்ரனிப்பிள்ளையின் மகள். அவளுடைய அப்பம்மா மக்டலினும் என் உம்மாவும் ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளியவர்கள். கச்சான் காற்றுக்குப் பட்டத்தைக் கட்டிக்கொண்டு கடல்மேல் ஓடுவதற்கு வெள்ளைக்காரர் வந்து தங்குகிறார்களே, அப்படியான ஒரு விடுதியில் அவளுக்கு வேலை. ஒரு நாள் சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்தவள், அந்தக் கல் என்ன கல் என்று கேட்டுவிட்டாள். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வாயைத் திறந்த இஸ்ஹாக், பொழுதுபட்டு மஃரிப் பாங்கு கேட்ட பிறகுதான் நிறுத்தினான். நடுவில் சந்தேகம் வந்தபோதெல்லாம் வேலிக்கு மேலால் என்னைக் கேட்டான்.

அடுத்த கிழமை ஜெசிக்கா ஒரு சின்னப் பச்சைப் பிளாஸ்டிக் பெட்டியோடு வந்தாள். உலகம் முழுக்க ஆட்கள் விளையாடுகிற ஒரு விளையாட்டாம், ஜியோகேஷிங் என்று பெயராம். ஒருவர் ஒரு பெட்டியை ஒளித்துவைத்து, அது இருக்கிற இடத்தைப் போனில் போட்டுவிடுவார். மற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டு வருவார்கள். போன் கிட்டத்தட்டக் கொண்டுவந்து விடும். மிச்சத்தைத் தன் கண்ணால் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தவர் உள்ளே இருக்கும் தாளில் பெயரை எழுதி, விருப்பமென்றால் ஒரு சாமானை எடுத்து, இன்னொன்றை வைத்துவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே ஒளித்துவிட்டுப் போகலாம். ஜெசிக்கா அதைத் தோணிக்கல்லின் அடியில், களப்புப் பக்கமுள்ள பொந்துக்குள் வைத்து, வாயை ஒரு முருகைக்கல்லால் மூடினாள். கல்லின் கதையையும் போனில் எழுதிப் போட்டாள்.

"நானா" என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டாள் ஜெசிக்கா. "எதிர்ல இரிக்கிறது நீங்கதான். ஒரு கண் வச்சிக்கொள்ளுங்க. ஆருக்கும் சொல்லிப்போடாதீங்க."

"நானா சொல்லுவன்?" என்றான் இஸ்ஹாக். திரைச்சீலைக்குப் பின்னால் ஷிஹாரா சிரித்தது எனக்கே கேட்டது.

ஆட்கள் வரத் தொடங்கினார்கள். இஸ்ஹாக் அவர்களைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொள்வான். "அந்தா வருது. போனை வெத்திலத்தட்டு மாதிரி ஏந்திக்கிட்டு வருது பாருங்க ராத்தா." அவர்கள் கல்லைச் சுற்றி வருவார்கள், படம் பிடிப்பார்கள், போனில் வாசித்துவிட்டுக் கழுத்துத் தடத்தைத் தேடுவார்கள். ஒரு நாள் வேலியடிக்கு ஓடிவந்தான். "ராத்தா, மூத்தாப்பாட தடத்துல இண்டைக்கு ஒரு வெள்ளைக்காரி விரல வச்சுப் பாத்தா!" சொல்லும்போது தன் விரலையும் நீட்டிக் காட்டினான். ஆயுள் முழுக்க அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டு ஒட்டுப் போட்டவன். வேறு யாரும் அதைப் பார்த்து அவன் பார்த்ததில்லை.

பார்த்தபிறகு சும்மா இருக்க முடியவில்லை. ஒரு நாள் பெட்டியைத் திறந்து பார்த்தான். உள்ளே ஒரு பொத்தான், ஒரு ரப்பர் யானை, எந்த நாட்டுச் சல்லியோ ஒன்று. அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "கடல் தாண்டி நம்மட இடத்துக்கு வந்த மனிசருக்குப் பொத்தானா குடுக்கிற?" என்று சொல்லி, ஷிஹாரா கிண்டிவைத்த இனிப்புத் தொதலை வாங்கி, வெட்டி, தாளில் சுற்றிப் பெட்டியை நிரப்பினான். அடுத்ததாக வந்த இளந்தாரி பெட்டியைத் திறந்தான். கையை உதறிக்கொண்டு பார்க் முழுக்க ஓடினான். பெட்டிக்குள் எறும்பு குடும்பத்தோடு குடிவந்திருந்தது. அன்று பின்னேரம் ஒரு கழுதை மணம் பிடித்துப் பெட்டியைக் கவ்விக்கொண்டுபோய்த் தபால் கந்தோர் வாசலில் போட்டது. ஜெசிக்கா பெட்டியைக் கழுவினாள், புதுத் தாள் வைத்தாள். தின்கிற சாமான் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சரி, தின்கிற சாமான் இல்லை. அதற்குப் பிறகு இஸ்ஹாக் செய்தது இன்னும் பெரிய வேலை. வெயிலில் ஆட்கள் குனிந்து குனிந்து தேடுவதை அவனால் பார்க்க முடியவில்லை. போனை ஏந்திக்கொண்டு யாராவது தெருவில் திரும்பினால், இவன் முந்திப்போய்ப் பெட்டியை எடுத்துத் துடைத்து, ஒரு கையில் பெட்டி, மறு கையில் பிளேன்டீ, பார்க் வாசலிலேயே நின்றுகொள்வான். "வெல்கம்! யுவர் பொக்ஸ்!"

வந்தவர்கள் சிரித்தார்கள், டீயைக் குடித்தார்கள், அவனோடு நின்று படமும் எடுத்தார்கள். போன பிறகு அந்த விளையாட்டுக்காரர் எல்லோரும் வாசிக்கிற இடத்தில் எழுதியும் விட்டார்கள். ஜெசிக்கா அதைக் கடையில் நின்று தமிழில் வாசித்துக் காட்டினாள்: "நாங்கள் பெட்டியைத் தேடவில்லை, பெட்டிதான் எங்களைத் தேடிவந்தது. தேநீர் நன்றாக இருந்தது."

"நல்லதாத்தானே எழுதியிரிக்கி?" என்றான் இஸ்ஹாக்.

"ஐயோ நானா! இது விளையாட்டு. தேடுறதுலதான் சந்தோசம்."

"தேடுறதுல என்ன மகள் சந்தோசம்? போன கிழமை நான் வீட்டுச் சாவியப் பொழுதுபடும் வரைக்கும் தேடினன். ஒரு சந்தோசமும் வரல்ல."

"கண்டுபிடிச்சா வரும்தானே?"

"அப்ப நான் கையில குடுத்தா கெதியா வருமே!"

ஜெசிக்காவுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அடக்கிக்கொண்டாள். விளையாட்டை நடத்துகிறவர்கள் அவளுக்கு எழுதியிருக்கிறார்களாம்: இன்னொரு தரம் இப்படி யாராவது எழுதினால் இந்தப் பெட்டியை உலகப் படத்திலிருந்தே எடுத்துவிடுவார்களாம். "பெட்டி போனா ஆரு நானா இந்தக் கல்லடிக்கு வருவா? திரும்பக் கழுதைதான்."

இஸ்ஹாக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். கல்லைப் பார்த்தான். "வாக்கு, மகள்" என்றான். "இனி என்ட வாயால ஒரு சொல்லும் வராது."

வராமல்தான் இருந்தது. அடுத்த கிழமை ஒரு சோடி வந்து கிணற்றடியில் தேடிக்கொண்டிருந்தபோது கடையில் சைக்கிள் மணி ஒன்று மெதுவாக அடித்தது. அவர்கள் வாங்குப் பக்கம் போனார்கள், மணி நின்றுவிட்டது. கல் பக்கம் திரும்பினார்கள். மணி கொஞ்சம் கெதியாக அடித்தது. பொந்துக்குக் கிட்டப் போனபோது பெருநாள் கொண்டாடுகிற மாதிரி அடித்தது. அந்தச் சோடி கெட்டிக்காரர்கள், கண்டுபிடித்துவிட்டார்கள். நல்லவர்களும்கூட, ஒன்றும் எழுதவில்லை, போகும்போது இஸ்ஹாக்குக்குக் கண்ணை மட்டும் சிமிட்டிவிட்டுப் போனார்கள்.

"நான் வாயால ஒண்டும் சொல்லல்லயே!" என்று ஜெசிக்காவிடம் சத்தியம் செய்தான்.

"மணியும் வாய்தான் நானா. இருமவும் கூடாது. கையும் காட்டக் கூடாது."

"மூச்சு விடலாமா?" என்று ஷிஹாரா உள்ளேயிருந்து கேட்டாள்.

அன்றிலிருந்து யாராவது தேட வந்தால் இஸ்ஹாக் முக்காலியைத் திருப்பிப் போட்டு, பார்க்குக்கு முதுகு காட்டி உட்காருவான். வைராக்கியம் என்று நானும் நினைத்தேன். பிறகு பார்த்தால், மோட்டார் சைக்கிளின் பக்கக் கண்ணாடி ஒன்றைத் தடியில் கட்டி, அதற்குள் முழுப் பார்க்கையும் வைத்திருக்கிறான்.

போன மாதம் ஒரு பின்னேரம் ஜெசிக்கா போன் எடுத்தாள். விடுதியில் ஒரு வெள்ளைக்கார அம்மா தங்கியிருக்கிறாராம். ஊர் ஊராகப் பெட்டி தேடியே வயது போனவராம். அவர் எழுதுவதைத்தான் அந்த விளையாட்டுக்காரர் எல்லோரும் வாசிப்பார்களாம். இப்போது பார்க்குக்கு வருகிறார். "இவ எழுதினா எழுதினதுதான் நானா. உங்களக் கும்பிட்டுக் கேக்கிறன்."

வந்தார். தலையில் அகலத் தொப்பி, முழங்காலில் ஒரு கட்டு. கச்சான் காற்று தொப்பியைப் பறிக்கப் பார்க்கிறது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் போனோடு கிணற்றைச் சுற்றினார். வாங்குகளின் அடியில் குனிந்தார். முழங்கால் மடிய மறுக்க, பிடித்துப் பிடித்து எழும்பினார். பலகையின் பின்பக்கம் தடவினார். கல்லடிக்கு மட்டும் போகவில்லை. போக முடியாது, பெரிய கழுதையொன்று கல்லில் சாய்ந்துகொண்டு, பொந்தையும் மறைத்து, கண்ணை மூடி நின்றது.

இஸ்ஹாக் போனை எடுத்தான். மெதுவாகக் கதைப்பதாக அவனுக்கு நினைப்பு. என் வீட்டுக்கே கேட்டது. "மகள், கழுதை கல்லுல சாஞ்சிக்கிட்டு நிக்கிது. எழுப்பலாமா? அது விதிக்குள்ள வருமா?"

ஜெசிக்கா என்ன சொன்னாளோ.

"கிட்டப் போக மாட்டன். இங்கிருந்து சின்னக் கல்லு ஒண்டு எறிஞ்சா..." போனைக் காதோடு அழுத்திக் கேட்டான். "ஓம், ஓம், கல்லு எங்க விழுகுதெண்டு மனிசி பாப்பாதான். சரி மகள். எறியல்ல." போனை வைத்துவிட்டு ஒரு டியூப் துண்டை எடுத்துப் பல்லுக்கிடையில் வைத்துக் கடித்துக்கொண்டான்.

அந்த அம்மா அலுத்துப்போய்த் தெருவைக் கடந்து கடைக்கே வந்துவிட்டார். இஸ்ஹாக் எழும்பிக் கதிரையைத் துடைத்துப் போட்டான். ஷிஹாரா பிளேன்டீ கொண்டுவந்தாள். டீ கொடுக்கலாமா என்று ஜெசிக்காவிடம் முதலிலேயே கேட்டுவைத்திருந்தான். அவர் குடித்தார். முகம் சிவந்து கிடந்தது. பிறகு பார்க்கைக் காட்டினார், தன் கண்ணைக் காட்டினார், இஸ்ஹாக்கைக் காட்டி ஏதோ கேட்டார். எனக்கு இங்கிலீசு தெரியாது. ஆனாலும் விளங்கியது: உனக்குத் தெரியுமா?

இஸ்ஹாக்கின் இங்கிலீசில் இதற்கு இரண்டு சொல்தான் உண்டு. யெஸ் என்றால் வாக்குப் போய்விடும். நோ என்றால் வாசலுக்கு வந்த விருந்தாளியிடம் பொய். காதோரம் வியர்வை இறங்கியது. கடைசியில் நெஞ்சில் கைவைத்து, "ஐ... சைக்கிள்" என்றான்.

அந்த அம்மா அவனைப் பார்த்தார். உதட்டோரத்தில் சிரிப்பு வந்தது. கோப்பையைத் தட்டில் வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பித் திரும்பவும் பார்க்குக்கு நடந்தார்.

இப்போது ஷிஹாராவால் பொறுக்க முடியவில்லை. "பாவம், மனிசிக்கு நடக்கவும் ஏலாது. சொல்லித் தொலைங்களேன்!"

"பூட்டு வாங்கணும் எண்டது ஆரு?" என்றான். டியூப் துண்டு இன்னும் பல்லில்தான் இருந்தது.

"அது நான் சும்மா பகிடிக்குச் சொன்னது!"

"வாக்குக் குடுத்திரிக்கிறன் புள்ள." முக்காலியை இந்தத் தரம் திருப்பிப் போடவில்லை. எழும்பி நின்று, வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தான். நானும் வேலியடிக்கு வந்துவிட்டேன். பழக்கடை அஃப்ராஸ் தராசைக் கையில் வைத்தபடி நின்றான். தெருவில் எல்லோருக்கும் பெட்டி எங்கே என்று தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஒருவரும் எழுப்பாமலே கழுதை கண்ணைத் திறந்தது. உடம்பைச் சிலிர்த்தது, ஒரு அடி வைத்தது, இன்னொரு அடி வைத்தது, கிணற்றடிப் புல்லுக்குப் போய்விட்டது. இஸ்ஹாக் "அல்ஹம்துலில்லாஹ்" என்றான், சத்தம் வராமல்.

அந்த அம்மா கல்லைப் பார்த்தார். கிட்டப் போனார். போனில் எதையோ வாசித்தார். பிறகு போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, கல்லின் கழுத்தில் கையை வைத்தார். தடத்துக்குள் விரலைவிட்டு, அது போகிற பக்கமே தானும் மெல்ல மெல்லச் சுற்றினார். பழைய தோணிக்கயிறு கல்லைச் சுற்றின வழியாகவே களப்புப் பக்கம் வந்து சேர்ந்தார். அங்கே கல்லைப் பிடித்துக்கொண்டு ஒருபக்கமாகக் குனிந்தார். முருகைக்கல் நகர்ந்தது.

அவர் போட்ட சத்தத்துக்குக் கழுதைகள் நாலு பக்கமும் ஓடின. தொப்பியைக் காற்று கொண்டுபோனது. அவர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. பச்சைப் பெட்டியைத் தலைக்குமேல் தூக்கி ஆட்டினார், சின்னப் பிள்ளை மாதிரி. இஸ்ஹாக் டியூப் துண்டைத் துப்பிவிட்டுத் தெருவைக் கடந்து ஓடினான். எங்கே வாயை விட்டுவிடுவானோ என்று ஷிஹாரா திரைச்சீலையைக் கையோடு பிய்த்துவிடுகிற மாதிரி இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்த அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு பெட்டியை அவனிடம் நீட்டினார். எறும்பு தட்டி, தூசி துடைத்து அவன் எத்தனையோ தரம் கையில் எடுத்த பெட்டி. இஸ்ஹாக் இரண்டு கையையும் சாரத்தில் அழுத்தி அழுத்தித் துடைத்தான். பிறகு கண்ணை அகல விரித்து, "யா அல்லாஹ், இது இங்கயா இரிந்திச்சி!" என்று, இரு கையையும் சேர்த்து ஏந்தி அதை வாங்கி, மேலும் கீழும் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.